சொன்னதைச் செய்தேன்: கீழ்ப்படிதலின் உளவியல்

1977 மார்ச் 27. டெனெரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. கேஎல்எம் நிறுவனத்தின் 747 ஜம்போ விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் கிளம்பத் தயாராக நின்றது. கேப்டன் எஞ்சினின் விசையைக் கூட்டத் தொடங்கினார். "அனுமதி இன்னும் வரவில்லையே" என்றார் பக்கத்தில் இருந்த துணை விமானி. "தெரியும், கேளுங்கள்" என்று சொல்லிக் கேப்டன் நிறுத்தினார். துணை விமானி ரேடியோவில் கேட்டார். வந்த பதில், கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதை மட்டுமே சொன்னது. கிளம்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிலை அவர் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் மறுபடியும் விமானத்தைக் கிளப்பிவிட்டார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் எஞ்சினியருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த பான் ஆம் நிறுவனத்தின் விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். "ஆமாம்" என்று அழுத்திச் சொன்னார் கேப்டன். எஞ்சினியர் அதற்கு மேல் பேசவில்லை. சில விநாடிகளில் இரண்டு ஜம்போ விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

விபத்துக்குக் காரணங்கள் பல: பனி, ரேடியோவில் இரண்டு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது, நேர நெருக்கடி. ஆனால் விமானிகளின் அறைக்குள் நடந்ததை மட்டும் பாருங்கள். துணை விமானி தன் கேப்டனை ஒரு முறை திருத்தினார். இரண்டாம் முறை வாய் வரவில்லை. அந்தக் கேப்டன் நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர்; இந்தத் துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சோதித்துச் சான்று கொடுத்தவரும் அவர்தான். மிரட்டல் ஏதும் இல்லை, கட்டளைகூட இல்லை. அப்படியிருந்தும், தங்கள் உயிரே அந்த விமானத்தில் இருக்கும்போது, விவரம் தெரிந்த இரண்டு பேர் அடங்கிப் போனார்கள்.

கீழ்ப்படிதல் என்றதும் நம் மனதில் வருவது வேறு படம். ஒருவர் அதட்டுகிறார், இன்னொருவர் பயந்து பணிகிறார். பயமும் உண்மைதான், வேலை போகும், அடி விழும் என்று அஞ்சிப் பணிகிறவர்கள் ஏராளம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள உளவியல் தேவையில்லை. பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்திலும் மனிதர்கள் ஏன் பணிகிறார்கள் என்பதுதான் சமூக உளவியலைத் தூங்கவிடாத கேள்வி.

நான்கு டாலரும் முப்பது சுவிட்சும்

1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். நினைவாற்றலையும் கற்றலையும் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் கொடுத்து ஆட்களை வரவழைத்தார். வந்ததற்கு நான்கு டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். வந்தவர் 'ஆசிரியர்' ஆவார். பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பவர் 'மாணவர்'. மாணவர் தவறாகப் பதில் சொன்னால் ஆசிரியர் ஒரு சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். முதல் சுவிட்ச் 15 வோல்ட், முப்பதாவது 450 வோல்ட். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு படி ஏற வேண்டும். மாணவராக இருந்தவர் நடிக்க வந்தவர், ஷாக்கும் பொய். அது ஆசிரியருக்குத் தெரியாது.

முதலில் வெளியான ஆய்வில் 40 ஆண்கள் கலந்துகொண்டார்கள். 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். முன்கூட்டியே மனநல மருத்துவர்களிடம் கேட்டபோது, ஆயிரத்தில் ஒருவர் போகலாம் என்று கணித்திருந்தார்கள்.

65 சதவீதம் என்ற இந்த எண்தான் ஊரெல்லாம் பரவியது. 'மனிதன் அடிப்படையில் கொடூரமானவன்' என்று முடிவு கட்டவும் அதையே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது, பங்கேற்றவர்களிடம் முதலிலேயே சொல்லப்பட்ட ஒரு விஷயம்: என்ன நடந்தாலும் அந்தப் பணம் அவர்களுடையது. எழுந்து போனால் இழப்பு ஒன்றும் இல்லை. சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு நின்ற ஆய்வாளரை மறுநாள் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "தயவுசெய்து தொடருங்கள்", "சோதனைக்கு நீங்கள் தொடர்வது அவசியம்" என்கிற மாதிரி நான்கு வாக்கியங்களை வைத்திருந்தார், அவ்வளவுதான். கதவு திறந்தே இருந்தது.

உட்கார்ந்திருந்தவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் இல்லை. வியர்த்தார்கள், கை நடுங்கியது, திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். சிலருக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. பதற்றத்தில் வரும் சிரிப்பு. இதை நிறுத்த வேண்டாமா என்று ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டே அடுத்த சுவிட்சைத் தட்டினார்கள். உள்ளுக்குள் மறுத்துக்கொண்டே கை பணிந்துகொண்டிருந்தது.

மில்கிராம் இந்தச் சோதனையைச் சுமார் இருபது விதமாக மாற்றி மாற்றி நடத்தினார். உண்மையான பாடம் அந்த மாற்றங்களில்தான் இருக்கிறது. மாணவரை அதே அறையில் உட்கார வைத்தபோது கடைசி வரை போனவர்கள் 40 சதவீதம். மாணவரின் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 30. ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் உத்தரவு சொன்னபோது 20.5, அப்போது சிலர் ஷாக்கைக் கூட்டுவதாகச் சொல்லிவிட்டுக் குறைந்த சுவிட்சையே தட்டினார்கள். நேருக்கு நேர் 'முடியாது' என்று சொல்ல முடியாதவர்கள், பார்வை விலகியதும் தங்களால் முடிந்த வழியில் மறுத்தார்கள். யேலின் பெயரே இல்லாமல் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சாதாரண அலுவலகத்தில் நடத்தியபோதும் 47.5 சதவீதம் பேர் போனார்கள்.

ஷாக் கொடுக்கும் வேலையை இன்னொருவர் செய்ய, பங்கேற்பவர் கேள்வியை மட்டும் படித்தால் போதும் என்றபோது 40-இல் 37 பேர் கடைசி வரை இருந்தார்கள். நம் கை சுவிட்சில் இல்லை, தாளில்தான் இருக்கிறது என்றால் மனம் எவ்வளவு லேசாகிவிடுகிறது பாருங்கள். பெரிய நிறுவனங்களில் நடக்கும் தீங்குகளில் பெரும்பங்கு இந்த 37 பேரைப் போன்றவர்களின் கைவழியாகத்தான் போகிறது என்று நினைக்கிறேன்: பட்டியல் தயாரித்தவர், முத்திரை குத்தியவர், கோப்பை அடுத்த மேசைக்கு நகர்த்தியவர்.

இதற்கு நேர் எதிராக இரண்டு முடிவுகள். பக்கத்தில் இருந்த இரண்டு சக 'ஆசிரியர்கள்' (அவர்களும் நடிப்பவர்கள்தான்) ஒருவர் பின் ஒருவராக எழுந்து விலகியபோது, கடைசி வரை போனவர்கள் 40-இல் நான்கே பேர். ஆய்வாளர்கள் இருவராக இருந்து, ஒருவர் 'தொடருங்கள்' என்றும் மற்றவர் 'நிறுத்துங்கள்' என்றும் சொன்னபோது ஒருவர்கூடக் கடைசி வரை போகவில்லை. சம அந்தஸ்துள்ள ஒரு குரல் எதிர்த்து ஒலித்தவுடன் அதிகாரம் அப்படியே கலைந்துபோனது. பணிந்தவர்கள் கொடுமை செய்யக் காத்திருந்தவர்கள் என்றால் அந்த எதிர்க் குரலை ஏன் கேட்டார்கள்? அவர்களும் யாராவது 'போதும்' என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருந்தார்கள்.

படிப்படியாக

சரி, ஏன் இப்படி? முதல் காரணம், 15 வோல்ட்டில் தொடங்குவதுதான். 'முன்பின் தெரியாத ஒருவருக்கு 450 வோல்ட் கொடுங்கள்' என்று வாசலிலேயே கேட்டிருந்தால் வந்தவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். 15 வோல்ட்டுக்கு யார் மறுப்பார்? அடுத்தது 30. முன்னதற்குச் சம்மதித்தவர் இதற்கு ஏன் மறுக்க வேண்டும்? ஒவ்வொரு படியும் முந்தைய படியை விடக் கொஞ்சமே அதிகம். பத்தாவது படியில் நிறுத்த வேண்டுமென்றால், இதுவரை செய்த ஒன்பதும் தப்பு என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். அதைவிடப் பத்தாவது சுவிட்சைத் தட்டுவது சுலபம்.

மில்கிராமின் தரவுகளைப் பின்னாளில், 2008-இல், டொமினிக் பேக்கர் அலசிப் பார்த்தார். மறுத்தவர்களில் அதிகம் பேர் விலகியது 150 வோல்ட்டில். அங்கேதான் மாணவர் முதல் முறையாக "என்னை வெளியே விடுங்கள்" என்று கேட்கிறார். வலியில் முனகியது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது; பின்னால் வரும் அலறல் இன்னும் பெரியது. ஆனாலும் சத்தம் கூடக்கூட விலகுபவர்கள் கூடவில்லை. 'விடுங்கள்' என்று அவர் கேட்ட அந்தக் கணத்தில் யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்ற கேள்வி எழுகிறது. அங்கே கட்டிப்போடப்பட்டவர் பக்கம் சாய்ந்தவர் தப்பித்தார். அதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கடைசி வரை தாண்டினார்கள். ஜெர்ரி பர்கர் இந்தச் சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி மீண்டும் நடத்தி 2009-இல் வெளியிட்டார். 70 சதவீதம் பேர் அதைத் தாண்டத் தயாராக இருந்தார்கள்.

இரண்டாவது காரணம் பொறுப்பு. பங்கேற்றவர்களில் சிலர் 'இவருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?' என்று கேட்டார்கள். 'நான் பொறுப்பு' என்றார் ஆய்வாளர். அப்புறம் தொடர்ந்தார்கள். மில்கிராம் இதை வைத்துத்தான் ஒரு விளக்கம் கொடுத்தார்: உத்தரவின் கீழ் வரும்போது மனிதன் தன்னைச் செய்பவனாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, இன்னொருவரின் விருப்பத்தை நிறைவேற்றும் கருவியாகப் பார்க்கத் தொடங்குகிறான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்கிறோமே, இங்கே அம்பே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறது. இது வெறும் சாக்கா, இல்லை உள்ளேயே அப்படித்தான் தோன்றுகிறதா? எமிலி காஸ்பார், பேட்ரிக் ஹாகார்ட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுப் பார்த்தது. நாம் மனமுவந்து ஒன்றைச் செய்யும்போது, செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான நேரம் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். 'இதைச் செய்தது நான்தான்' என்ற உணர்வுக்கு இது ஓர் அளவுகோல். ஒருவர் உத்தரவிட்டு, இன்னொருவருக்கு வலி தரும் சிறிய ஷாக் கொடுக்கச் சொன்னபோது, அந்த இடைவெளி நீண்டதாகப் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள். ஆகவே 'நான் சொன்னதைத்தான் செய்தேன்' என்பவர் எப்போதும் பொய் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவருக்கு அது அப்படித்தான் பட்டிருக்கலாம். இதனால் குற்றம் குறைந்துவிடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்புகளை அடுத்து உருவான கோட்பாடு இதைத் தெளிவாகச் சொல்கிறது: மேலதிகாரியின் உத்தரவு என்பது, மறுக்க வழி உண்மையிலேயே இருந்தவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது.

மூன்றாவது காரணத்தைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அது மரியாதை, கூடவே சங்கடம். ஆய்வாளரிடம் 'வர்றேன்' என்று ஒத்துக்கொண்டு வந்திருக்கிறோம். நடுவில் எழுந்தால் 'நீங்கள் செய்வது தப்பு' என்று அவர் முகத்தில் அடித்தமாதிரி சொல்லியாக வேண்டும். யாருக்கு ஷாக் போகிறதோ அவர் சுவருக்கு அந்தப் பக்கம்; யாருடைய முகம் சுருங்குமோ அவர் நம் பக்கத்தில். டெனெரீஃப் துணை விமானியும் இங்கேதான் சிக்கினார். முதல் முறை திருத்துவது கடமை. ஒரே நிமிடத்தில் இரண்டாம் முறை திருத்தினால் அது அவமதிப்பாகிவிடும் போலத் தோன்றும்.

வெள்ளைக் கோட்டு, காக்கிச் சட்டை, தொலைபேசிக் குரல்

அதிகாரம் என்பது ஆளிடம் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு அடையாளத்திலும் இருக்கிறது. லெனார்ட் பிக்மன் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க் புரூக்ளின் தெருவில் ஒருவர் வழிப்போக்கர்களை நிறுத்தி, கீழே கிடக்கும் பையை எடுக்கச் சொன்னார். பார்க்கிங் மீட்டருக்காக முன்பின் தெரியாத ஒருவருக்குக் காசு கொடுக்கச் சொன்னார். காவலாளி உடையில் சொன்னபோது பணிந்தவர்கள் அதிகம். பால்காரர் உடையில் சொன்னபோது அப்படி இல்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு சீருடை இருந்தால் போதாது, கட்டளையிடும் உரிமையைக் காட்டுகிற சீருடை வேண்டும். பையை எடுக்கச் சொல்லக் காவலாளிக்கு உண்மையில் எந்த உரிமையும் இல்லை என்பதை நின்று யோசித்தவர்கள் குறைவு.

1966-இல் வெளியான இன்னோர் ஆய்வு மருத்துவமனை வார்டுகளில் நடந்தது. சார்லஸ் ஹாஃப்லிங் குழுவினர் நடத்தியது. பணியில் தனியாக இருக்கும் நர்ஸுக்கு முன்பின் அறியாத ஒரு டாக்டரின் பெயரில் அழைப்பு வரும். அலமாரியில் உள்ள அஸ்ட்ரோட்டென் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுங்கள், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்பார். பெட்டியின் மேலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று அச்சாகியிருக்கும். தொலைபேசி உத்தரவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. 22 நர்ஸுகளில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். (அது வெறும் குளுக்கோஸ், வழியிலேயே தடுத்துவிட்டார்கள்.) இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 நர்ஸுகளிடம் கேட்டபோது, பத்துப் பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

இந்த ஆய்வோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை. 1977-இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் சில மாற்றங்களோடு இதைத் திரும்பச் செய்தார்கள். பெயரே கேள்விப்படாத மருந்துக்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்த வேலியம். உத்தரவிட்டவர் அதே மருத்துவமனையில் இருந்த, தெரிந்த டாக்டர். சக நர்ஸுகளிடம் பேசிக்கொள்ளவும் முடிந்தது. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்திருந்து, பக்கத்தில் கேட்க ஓர் ஆளும் இருந்தால், அதே வேலையில் உள்ளவர்களே வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

தொலைபேசிக் குரலுக்கு இருக்கும் பலத்தை மோசடிக்காரர்கள் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் 2004 வரை பல ஆண்டுகள், போலீஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒரு குரல் உணவகங்களையும் கடைகளையும் அழைத்து, உங்கள் ஊழியர் திருடியிருக்கிறார், நான் சொல்கிறபடி அவரைச் சோதனை போடுங்கள் என்று மேலாளர்களிடம் சொன்னது. மேலாளர்கள் செய்தார்கள், படிப்படியாக, சில இடங்களில் மணிக்கணக்காக. பாதிக்கப்பட்டவர்கள் பட்டது சொல்லத் தகாதது. கென்டக்கியில் நடந்த ஒன்றில், போனில் இருந்தவன் அடுத்துச் சொன்னதைச் செய்ய முடியாது என்று ஒரு முதிய பராமரிப்புத் தொழிலாளி மறுத்த பிறகுதான் அது நின்றது.

கட்டளைக்குப் பணிகிறார்களா, காரியத்துக்கா?

மில்கிராமின் முடிவுகளை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஜினா பெர்ரி யேல் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, ஆய்வாளர் நான்கு வாக்கியங்களோடு நிற்காமல் சில நேரம் விடாமல் வற்புறுத்தியதையும், பங்கேற்றவர்களில் பலர் சந்தேகப்பட்டதையும் வெளிக்கொண்டு வந்தார். பிற்பாடு கேட்டபோது ஷாக் உண்மை என்று முழுதாக நம்பியதாகச் சொன்னவர்கள் 56 சதவீதம். இது கவனிக்க வேண்டிய குறைதான். ஆனால் 1972-இல் ஷெரிடனும் கிங்கும் நாய்க்குட்டி ஒன்றுக்கு உண்மையான ஷாக் கொடுக்க வைத்தார்கள். கண்ணெதிரே அது துடித்தும் 26 பேரில் 20 பேர் கடைசி வரை போனார்கள். படிக்கவே கஷ்டமான ஆய்வு. இன்று எந்த நெறிக் குழுவும் அனுமதிக்காது.

இன்னொரு விமர்சனம் ஆழமானது. அலெக்ஸ் ஹாஸ்லம், ஸ்டீபன் ரைச்சர் இருவரும் கேட்டார்கள்: இவர்கள் பணிந்தது கட்டளைக்கா? மில்கிராமின் நான்கு வாக்கியங்களில் உண்மையில் கட்டளை என்று சொல்லத்தக்கது கடைசி ஒன்றுதான்: "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்." பர்கரின் ஆய்வில் இந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்டவர்களில் ஒருவர்கூடத் தொடரவில்லை. 'சோதனைக்கு இது அவசியம்' என்றபோது உட்கார்ந்திருந்தவர்கள், அதிகாரம் தன் பல்லைக் காட்டியதும் எழுந்துவிட்டார்கள். அப்படியானால் அவர்களைப் பிடித்து வைத்தது அறிவியல் என்ற நல்ல காரியத்தில் தாங்களும் கூட்டாளி என்ற எண்ணம்தான் என்கிறார்கள் இவர்கள். எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாகவும், மில்கிராமின் விளக்கத்தைவிட அச்சம் தருவதாகவும் இருக்கிறது. ஏனென்றால் அதட்டலை நாம் அடையாளம் காண்போம். 'நல்லதற்காகத்தான்' என்று தோளில் கைபோட்டு வரும் உத்தரவை அடையாளம் காண்பது கடினம்.

கீழ்ப்படிவது எப்போதும் நோய் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டாம் டைலர் 1980-களில் சிகாகோவில் 1,575 பேரிடம், ஏன் சட்டத்துக்குப் பணிகிறீர்கள் என்று ஆராய்ந்தார். தண்டனை பயத்தைவிட, அதிகாரிகள் நியாயமாக நடத்துகிறார்கள், நம் தரப்பைக் கேட்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் அதிகம் வேலை செய்தது. தீயணைப்பு வீரர் 'இந்தப் பக்கம் ஓடுங்கள்' என்றால் நின்று விவாதிக்கிறவர் சாவார். நம்பிப் பணிவது சமூகத்தைத் தாங்கும் தூண்களில் ஒன்று; மோசமான உத்தரவுகள் ஏறி வருவதும் அந்த நம்பிக்கையின் முதுகில்தான்.

டெனெரீஃபுக்குப் பிறகு விமானத் துறை கற்றுக்கொண்டது இதைத்தான். துணிச்சலாக இருங்கள் என்று உபதேசம் செய்வதில் பயனில்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கில் தொடங்கி, விமானக் குழுவினருக்கான பயிற்சி முறை ஒன்று உருவானது. அதில் இளையவருக்கு வார்த்தைகளே கற்றுத் தரப்படுகின்றன: முதலில் கேள்வியாகக் கேள், பிறகு கவலை என்று சொல், பிறகு மாற்று வழியைச் சொல், அதுவும் எடுபடாவிட்டால் 'நிறுத்துங்கள்' என்று சொல். மூத்தவருக்கும் பயிற்சி உண்டு: இளையவர் குறுக்கிட்டால் அது அவமதிப்பு அல்ல, அவருடைய வேலை. இரண்டாம் முறை திருத்துவதற்கு ஒரு முறையான வழி கிடைத்துவிட்டால் அங்கே சங்கடத்துக்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலிலும், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது எளிது.

மில்கிராமின் அறையில் அந்தப் பயிற்சி எதுவும் இல்லாமலே மறுத்தவர்களும் இருந்தார்கள். நாஜி ஆட்சியில் ஜெர்மனியில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய 31 வயது மருத்துவத் தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் அதில் ஒருவர். 210 வோல்ட் வந்ததும் அவர் ஆய்வாளர் பக்கம் திரும்பி, மன்னிக்கவும், இதைத் தொடரக் கூடாது என்று நினைக்கிறேன் என்றார். வலிக்கும், ஆனால் ஆபத்து இல்லை என்றார் ஆய்வாளர். ஆபத்து என்றுதான் எனக்குப் படுகிறது, அவரிடமே போய்க் கேளுங்கள் என்றார் இவர். வேறு வழியில்லை என்ற கடைசி வாக்கியமும் வந்தது. நாங்கள் எங்கள் விருப்பத்தில்தானே இங்கே வந்திருக்கிறோம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். குரல் உயரவில்லை. பதற்றமாக இருந்ததா என்று பிறகு கேட்டார்கள். இல்லை என்றார்.